கறுப்பும் மஞ்சளும் ஒரே இனம்

ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டியதில்லை. நான் உள்ளே வந்ததும் நீங்கள் எழுந்துபோய்க் கொக்கி போட்டதைப் பார்த்தேன். குளவி ஆசாமி வருகிறான், சட்டைப் பையிலிருந்து எதையாவது பறக்கவிட்டுவிடுவான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். என் குளவிகள் கொட்டாது. முதல் காரணம், அவை செத்துப்போனவை. உயிரோடு இருந்தபோதும் அவை மனிதனை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவற்றின் ரசனையை நான் எப்போதும் மெச்சியிருக்கிறேன்.

புழுக்கம் எனக்குப் பழக்கம்தான். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு இருப்பது கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைக்கு அடுத்த அறையில். இயக்குநருக்குப் பூச்சி என்றால் பட்டாம்பூச்சி. விருந்தாளி யார் வந்தாலும் முன் கூடத்தில் நீல இறக்கைகளைக் காட்டி அனுப்பிவிடுவார். என் அறைப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இழுப்பறைகளில் நாப்தலின் உருண்டை வைத்திருப்பேன், அந்த நெடி. என் குளவிகள் எள் அளவுகூட இருக்காது. முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து, அதில் குளவியைப் பக்கவாட்டில் ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தவேண்டும். ஊசியின் கீழே ஒரு சீட்டு. எந்த இடம், எந்த நாள், பிடித்தவர் யார். இந்த வேலைக்குக் கை நடுங்கக்கூடாது. மாணவர்கள் வருவார்கள், இரண்டு நாள் செய்வார்கள், கழுத்து வலிக்கிறது என்று சொல்லிக் கொசு ஆராய்ச்சிக்குப் போய்விடுவார்கள். கொசுவுக்கு அவர்கள் போதும்.

உங்கள் விசாரணைக் கோப்பில் ‘நன்மை செய்யும் குளவி’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். குளவி யாருக்கும் நன்மை செய்வதில்லை. அதற்கு முட்டையிட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் சட்டம் படித்தவர், உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மரவள்ளி இலையின் அடியில் மாவுப்பூச்சி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி. அது பெருகினால் கொழுந்து சுருண்டுவிடும், மண்ணுக்குள் கிழங்கு விரல் தடிமன்கூட வராது. எங்கள் குடும்பத்துக் குளவி அந்த மாவுப்பூச்சியின் மேல் இறங்கி, உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, உள்ளே ஒரு முட்டையைச் செருகிவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே தின்னும். ஆனால் உயிர் தங்குகிற உறுப்புகளைக் கடைசிவரை தொடாது. சாப்பாடு கெட்டுப்போகக்கூடாது அல்லவா. இதில் கொடுமை ஒன்றுமில்லை, சிக்கனம்தான். எல்லாம் தின்று முடிந்ததும் மாவுப்பூச்சியின் தோல் உப்பிப் பழுப்பாகி இலையில் நிற்கும். மம்மி என்போம். அதில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும்.

குடும்பம் என்றேன். அதற்கு ஒரு நீண்ட லத்தீன் பெயர் உண்டு. உங்கள் தட்டச்சுக்காரர் அதைக் கொத்திக் குதறிவிடுவார், அதனால் குதிகுளவி என்று வைத்துக்கொள்வோம். நடுக்காலில் தடித்த முள் ஒன்று இருக்கும், அதை ஊன்றிக் குதிக்கும். இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள். அவற்றில் சில மாவுப்பூச்சியைத் தேடுவதில்லை. ஏற்கெனவே குளவிப் புழு உட்கார்ந்திருக்கிற மாவுப்பூச்சியைத்தான் தேடும். மேலே இருந்து குத்தி, உள்ளே இருக்கும் புழுவின் மேல் தன் முட்டையை வைக்கும். தின்றுகொண்டிருப்பவனைத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். அதே மம்மி, அதே துளை. வெளியே வருவது மட்டும் வேறு ஆள். எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அவர்களிலும் சிலரை நான் என் மேஜையில் உட்காரவிடமாட்டேன்.

தம்பிக்கு இது தெரியாது. என்னைவிட எட்டு வயது சின்னவன். படித்தது மண்ணைப் பற்றி, அதையும் தட்டுத்தடுமாறி முடித்தான். ஆனால் ஆளைப் பார்த்தால் எல்லோருக்கும் பிடித்துவிடும், அது ஒரு வரம். வேலை செய்யும்போது சீட்டியடிப்பான். போத்தலைத் திறந்தால் மூட மறந்துவிடுவான். குளவிகளைப் ‘பசங்க’ என்பான். முட்டையிடுகிற பெண் குளவியைப் பார்த்து, “பய எப்படிக் குதிக்கிறான் பாத்தீங்களா அண்ணே” என்பான். எத்தனை முறை திருத்துவது, விட்டுவிட்டேன்.

விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்காக அவன் குளவி வளர்ப்புக்கூடம் நடத்தினான். வலையடித்த நீளமான கொட்டகை அது. தட்டுகளில் பூசணிக்காய்களை அடுக்கி அவற்றின் மேல் மாவுப்பூச்சியை வளர்ப்பார்கள், அதைக் கூண்டுக்குள் வைத்துக் குளவியை விடுவார்கள், பெருகியதும் தோட்டத்தில் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். எந்தக் குளவியை வளர்க்கவேண்டும் என்று அவனுக்குச் சொன்னது நான். மஞ்சள் நிறத்துச் சின்னக் குளவி, என் இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டிய பெயர். அவன் செய்தது பூசணிக்காய் அடுக்கியது.

அந்த வருஷம் தோட்டங்கள் பிழைத்துவிட்டன. சுருண்ட கொழுந்தெல்லாம் விரிந்தது. மருந்தடிக்காமல் கிழங்கு எடுத்தோம் என்று ஜனங்கள் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ‘குளவிக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். அவனை. சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் போட்டு மேடையேற்றினார்கள். நான் மூன்றாவது வரிசையில், மின்விசிறி எட்டாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “பேரக் கண்டுபிடிச்சுச் சொன்னது எங்கண்ணன். நான் சும்மா வளர்த்தேன், அவ்வளவுதான்” என்றான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் திரும்பி அவனையே பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பூசணிக்காய் அடுக்குகிறவனைப் பார்த்து நான் ஏன் பொறாமைப்படவேண்டும்.

அதற்கடுத்த வருஷம் ஒரு காலையில் அவன் என் அறைக்கு வந்தான். கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி.

“அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. மஞ்சளோட சேர்ந்து கறுப்பா ஒண்ணு வருது.”

“எங்கருந்து வருது?”

“அதே மம்மியிலருந்துதான். துளைகூட ஒரே மாதிரி. ஆனா நல்லா தெம்பா இருக்கு அண்ணே. மஞ்சள் ஒரு சாண் குதிச்சா இது ஒன்றரைச் சாண் குதிக்குது. ஆம்பளையா இருக்குமோ?”

நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரு கண் சிமிட்டும் நேரம் போதுமாயிருந்தது. முதுகுத் தகட்டின் முனையில் கறுப்பு மயிர்க்குஞ்சம், இறக்கையின் நடுவில் புகை படிந்த பட்டை. மஞ்சளுக்கு இரண்டும் கிடையாது. இரண்டும் வேறு இனம் மட்டுமல்ல, குதிகுளவிக் குடும்பத்தின் இரண்டு வேறு கிளைகளைச் சேர்ந்தவை. கறுப்பு, தின்பவனைத் தின்கிற வகை. அவன் கூண்டுக்குள் புகுந்து அவனுடைய மஞ்சளைத் தின்று பெருகிக்கொண்டிருந்தது.

“ஒரே இனம்தான்டா,” என்றேன். “கறுப்பு வடிவம். சில இடத்துல இப்படி வரும்.”

“நிஜமாவா? அப்ப பயப்பட ஒண்ணுமில்லையே?”

“என்ன பயம்?”

“இல்ல, வேற ஏதாச்சும் உள்ள பூந்திருந்தா இருக்கற எல்லாத்தயும் கொளுத்திட்டு மொதல்லருந்து ஆரம்பிக்கணும். தெரியாம தோட்டத்துல விட்டுட்டோம்னா அவ்வளவுதான், அத்தன பேரு கிழங்கும் போச்சு.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சு விட்டான். “வயித்துல பால வார்த்தீங்க அண்ணே.”

கதவு வரைக்கும் போனவன் திரும்பி, “அப்ப தெம்பா இருக்கறதயே பொறுக்கிப் பெருக்கட்டுமா?” என்று கேட்டான்.

“உன் இஷ்டம்,” என்றேன்.

இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பைப் பெருக்கு என்று நான் சொல்லவில்லை. அது அவனாக யோசித்தது. அவன் யோசித்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும்.

அதன் பிறகு அவனுடைய கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் போவேன், கறுப்பில் ஒரு குப்பி நிறைய வாங்கி வருவேன். அருங்காட்சியகத்துக்கு என்று சொன்னேன், அது பொய்யில்லை. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கு அடுத்தாற்போல்தான் வீடு. தம்பி மனைவி என்னைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டாள். “இத்தன வருஷமா கூப்பிட்டும் வராதவரு, இப்பவாச்சும் வந்தீங்களே அத்தான். உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்பாள். பூசணிக்காய்களைக் கழுவி அடுக்குவதெல்லாம் அவள்தான். கைவிரல் இடுக்கில் எப்போதும் வெள்ளைப் பொடி இருக்கும்.

சாப்பிடும்போது தம்பி வாயை மூடமாட்டான். “அண்ணன் குளவியக் கொன்னுட்டுப் பேரு வைப்பாரு. நான் பேரே தெரியாம அதுக்குச் சோறு போடுவேன்” என்றான் ஒரு நாள். அவள் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். நானும் சிரித்தேன். என் முதுகில் தட்டி, “அண்ணே, நீங்க இருக்கற தைரியத்துலதான் இவ்வளவு பெருசா இறங்கிட்டேன்” என்றான். அவன் தொடுவது எனக்கு எப்போதும் பிடிக்காது, கையில் பூசணி வாசம் அடிக்கும்.

எனக்கு வேண்டியது வந்துகொண்டிருந்தது. தோட்டங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவன் கறுப்பையே பொறுக்கிப் பெருக்கியதால், மஞ்சளுக்குப் பதில் பெட்டி பெட்டியாகக் கறுப்பைத்தான் திறந்துவிட்டான். தோட்டத்தில் முந்தின வருஷத்து மஞ்சள் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கறுப்பு அதை உள்ளே புகுந்து தின்றது. மஞ்சள் குறைய மாவுப்பூச்சி ஏறியது. முதலில் ஓரத்துச் செடிகள் வெளுத்தன. பிறகு பாதையிலிருந்து பார்த்தாலே தெரிய ஆரம்பித்தது.

மழைக்கு முன்னால் அவன் மறுபடி வந்தான். சவரம் செய்திருக்கவில்லை. சீட்டியும் இல்லை.

“அண்ணே, எங்கயோ தப்பு நடக்குது. நான் விட விட அது ஏறுது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திரும்பப் பாத்துடுங்க. கறுப்பு நிச்சயமா நம்மளுதுதானா?”

மறுபடி பார்த்தேன். அவன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி. நான் கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். குஞ்சம் அழகாக இருந்தது.

“எத்தன தடவடா கேப்ப? ஒரே இனம்தான். நீ வளர்க்கற லட்சணம் சரியில்ல.”

“அப்படித்தான் இருக்கும்,” என்றான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். “நான்தான் எங்கயோ சொதப்பறேன்.”

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். இந்த முறை மேடை இல்லை. வற்புறுத்தி என்னையும் அழைத்துப்போனான். சங்கத் தலைவர் மொட்டைத் தலையும் தடித்த கழுத்துமாக ஓர் ஆள், கத்திப் பேசித்தான் பழக்கம். எழுந்து நின்று, “குளவிக்காரரே, பூசி மெழுகாதீங்க. மருந்து அடிக்கலாமா வேண்டாமா? இப்ப அடிச்சா பாதியாச்சும் மிஞ்சும்” என்றார். மருந்து மாவுப்பூச்சியோடு குளவியையும் கொன்றுவிடும், அதனால் தம்பி அதுவரை அடிக்கவிடவில்லை. அவன் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் பார்வையைத் திருப்பவில்லை. அதை நான் கவனித்தேன்.

“இன்னும் ஒரு தலைமுறைக் குளவி வரட்டும், பொறுங்க,” என்றேன். “குளவி பாத்துக்கும்.”

தலைவர் உட்கார்ந்துவிட்டார். “பெரியவரே சொல்றாரு, பொறுப்போம்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பொறுத்தார்கள். ஆட்டு மந்தையிடம்கூட இவ்வளவு பணிவு இருக்காது. கிழங்கு எவ்வளவு போயிற்று, எத்தனை குடும்பம் நிலத்தை விட்டுவிட்டுப் போயிற்று என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் அதற்குள் போகமாட்டேன். அது என் துறையல்ல.

தம்பி செத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் தோட்டத்தில் விழுந்தபோது நான் அங்கே இல்லை, தலைவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். பொறுமை போய் எல்லோரும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இவன் அவர்களுக்கு முன்னால் ஓடியிருக்கிறான். மருந்து படுவதற்குள் குளவிகளைக் காப்பாற்றிவிடலாம் என்று. “ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டே, மம்மி ஒட்டிய கொழுந்துகளைக் கிள்ளிக் காகிதப் பொட்டலத்தில் போட்டிருக்கிறான். பறப்பவற்றைப் பிடிக்க எங்கள் துறையில் ஒரு குழாய் உண்டு. ஒரு முனையைப் பூச்சியின் பக்கத்தில் வைத்து மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால், பூச்சி நடுவில் உள்ள குப்பிக்குள் விழும். வாய்ப் பக்கம் கட்டிய வலைத்துணி பூச்சியைத் தடுக்கும், மருந்தைத் தடுக்காது. தெளிப்பவர்கள் எட்டிப் பிடித்த பிறகும் விடாமல், மருந்து சொட்டுகிற இலைகளில் அந்தக் குழாயை வைத்து அவன் வரிசை வரிசையாக உறிஞ்சிக்கொண்டே போயிருக்கிறான். முதலாண்டு மாணவன்கூடச் செய்யமாட்டான். வரப்பு முடியும் இடத்தில் வாயில் எச்சில் ஒழுக விழுந்திருக்கிறான். தெளித்தவர்களே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி மனைவி என் அறைக்கு வந்தாள். அவன் சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்திருந்தாள். “இத எறிய மனசு வரல அத்தான். உங்களுக்குத்தான் உபயோகப்படும்” என்றாள். வாங்கி ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு வைத்தேன். சில நாளில் மம்மிகளிலிருந்து குளவிகள் வந்தன. ஒரு மஞ்சள்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒட்டினேன். இந்தத் தொழிலில் நான் செய்த மிக நேர்த்தியான வரிசை அது, பார்த்தால் நீங்களே சொல்வீர்கள். பிடித்தவர் பெயர் என்ற இடத்தில் முறைப்படி அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். நான் யாருக்கும் சேரவேண்டியதைத் திருடுகிறவனல்ல.

கறுப்பு வேறு இனம் என்பது அதற்குள் உங்கள் விசாரணையில் வெளிவந்திருந்தது, அவள் போவதற்கு முன்னால் அதைப் பற்றியும் சொன்னாள். நான் இன்று இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். “நீங்க மனசுல வச்சுக்காதீங்க. வயசானா கண்ணு மங்கும், யாருக்கும் தப்பு நடக்கும். விசாரணையிலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள். சொல்லிவிட்டு என் மூக்குக் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்து மேஜையில் வைத்தாள். அந்தப் பெண்ணை நான் அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

பிறகு உங்கள் வரைவு அறிக்கை வந்தது. ‘முதுமையால் பார்வை குன்றிய வல்லுநர், தவறுதலாக இரண்டையும் ஒரே இனம் என்று கருதினார். உள்நோக்கம் எதுவும் இல்லை.’ உள்நோக்கம் இல்லையாம். உங்களுக்கு இரக்க குணம் ஜாஸ்தி. அந்த வரி அச்சானால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் நியாயமில்லை. அதனால் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கறுப்புக் குளவி கிடைத்தது. ஒன்றே ஒன்று, பெண், முதுகுக் குஞ்சம் தேய்ந்துபோனது. புது இனம் என்று எழுதினேன், பெயர் வைத்தேன். சில வருஷம் கழித்து வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், அந்தக் குளவியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அது மஞ்சளின் கறுப்பு வடிவம்தான் என்று இரண்டே வரியில் எழுதினார். என் இனம் போயிற்று. பெயர் போயிற்று. மாநாடுகளில் என் காதுபட ‘கறுப்பு வடிவம்’ என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஆள் போன வருஷம் ஏதோ விருது வாங்கினார். அவருக்குக் குதிகுளவிக்கும் கட்டெறும்புக்கும் வித்தியாசம் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

தம்பி குப்பியைக் கொண்டுவந்த காலையில் நான் பார்த்தது அதே குளவி. உயிரோடு, குஞ்சத்தோடு. ஆனால் ஒரு குப்பியை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆணும் பெண்ணுமாக நீளமான வரிசை வேண்டும். அது மாவுப்பூச்சியைத் தின்பதில்லை, மஞ்சளைத்தான் தின்கிறது என்று காட்டவேண்டும். கூண்டில் மட்டும் காட்டினால் கூண்டில் அப்படி என்பார்கள், வெளியிலும் காட்டவேண்டும். வேறு இனம் என்று நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாலைக்குள் அவன் எல்லாவற்றையும் கொளுத்தியிருப்பான். அவனே சொன்னானே. இப்போது என் கட்டுரை தயார். படங்கள் தயார். இந்த நிலையில், நானே அதை ஒரே இனம் என்று நம்பினேன் என்று அரசாங்கம் அச்சடித்தால், அந்தப் பேராசிரியருக்குப் படுத்துக்கொண்டே ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஆகவே ‘தவறுதலாக’ என்பதை அடித்துவிடுங்கள். முதல் நாளே எனக்குத் தெரியும். இரண்டாம் முறை கேட்டபோதும் தெரியும். கூட்டத்தில் பொறுங்கள் என்று சொன்னபோதும் தெரியும். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் மருத்துவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

தனியாக ஒரு கூண்டில் வளர்த்துத் தரும்படி அவனிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கேட்டிருந்தால் செய்திருப்பான், சந்தோஷமாகச் செய்திருப்பான். பிறகு எங்காவது ஒரு மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “எங்கண்ணனுக்கு நான்தான் வளர்த்துக் குடுத்தேன்” என்று சொல்லியிருப்பான். எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்திருப்பார்கள். அதற்காக நான் அவனிடம் போய்க் கை நீட்டவேண்டுமா.

இரண்டாம் முறை வந்தபோதாவது சொல்லியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான் என்பதும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அப்போது என்னிடம் இருந்தவை எல்லாம் பெண் குளவிகள். ஆண் இன்னும் கிடைத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள், அதோடு முடித்துக்கொள்வோம். கடைசி நாள் மாலை. அவனுடைய கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. அவன் மனைவி காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அடையாளம் தெரிந்ததும் கையைத் தேடிப் பிடித்தான். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

“அண்ணே, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் வளர்க்கத் தெரியாம கெடுத்துட்டேன். ஊர் முன்னாடி உங்க பேரயும் கெடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க அண்ணே.”

அவள் அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள், ஏதாவது சொல்லுங்கள் என்பது போல. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. சாகப்போகிறவனைத் தவிக்க விடுவானேன். குனிந்து, அவன் காதில் விழும்படியாக, “பரவால்லடா, மன்னிச்சுட்டேன்” என்றேன்.